‘ஆலோசனை’ என்ற ஒரு சொல்: அமெரிக்க அதிபர், நம் மாமன்னர், நம் பிரதமர் – ஆட்சித்துறைக் கலைச்சொற்கள்



நான் தமிழாசிரியர். வரலாறு என் பாடமில்லை. ஆனால் செகிஞ்சான், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை, எஸ்பிஎம் வரலாற்றை மலாயில் படித்துத் தமிழில் விளக்குகிறேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி பெறாதவருக்கு எஸ்பிஎம் சான்றிதழே இல்லை. மற்ற பாடங்களில் எத்தனை ‘ஏ’ வாங்கினாலும் சரி, இந்த ஒன்றில் சறுக்கினால் எல்லாம் போயிற்று.

போன தவணையில் ஒரு மாணவர் எனக்கு எழுதித் தந்த விடை இது: “மாமன்னர் அமெரிக்க அதிபர் மாதிரி. நாட்டில் எல்லா முடிவையும் அவரே எடுப்பார். பிரதமர் ஆலோசனை மட்டும் சொல்வார்.”

மூன்று வாக்கியம், மூன்றும் தவறு. ஆனால் அந்தப் பையன் படிக்காதவன் இல்லை. கேட்டேன்: “ஏன்யா இப்படி எழுதின?” அவன் சொன்னான்: “சார், புத்தகத்துலயே ஆட்சி அதிகாரம் மாமன்னர்கிட்ட இருக்குன்னு போட்டிருக்கு. பிரதமர் ஆலோசனை சொல்வார்னும் போட்டிருக்கு. ஆலோசனைன்னா கேக்கலாம், கேக்காமலும் விடலாம் இல்லீங்களா?”

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் மாமா சொல்வது ஆலோசனை, கோயில் கமிட்டியில் பெரியவர் சொல்வது ஆலோசனை. பிடித்தால் எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் விட்டுவிடுகிறோம். அரசியலமைப்பில் அதே சொல் வேறு பொருளில் நிற்கிறது. அதற்கு மேல், கைப்பேசியில் தினமும் அமெரிக்க அதிபர் ஆணையில் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக் காட்டுவதைப் பார்க்கிறான். ‘தலைவர்’ என்றால் இப்படித்தான் என்று மனசில் பதிந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஆட்சித்துறை பற்றிய முக்கியச் சொற்களை இரண்டு நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1. முதலில் தோட்டத்துக்குப் போவோம்

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமாராம், 1917இல் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் போடப்பட்டது. அதற்கு முன்பே இங்கு ரப்பர் தோட்டங்கள் வந்துவிட்டன. என் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுக்காரர். அவர் சொல்லும் கதைகளில் விடியற்காலைப் பெரட்டு கட்டாயம் வரும். வேலையில் இன்ன விதி என்று போடுவது பெரிய துரை. அதைக் கிராணியையும் தண்டலையும் வைத்து நடத்துவது துரை. யாராவது மீறினால் விசாரித்து, சம்பளம் வெட்டுவதும் லயத்தைவிட்டு வெளியேற்றுவதும் அதே துரை.

சட்டம் போடுவது, நடத்துவது, தீர்ப்புச் சொல்வது என்ற மூன்று வேலையும் ஒரே கையில். இது எவ்வளவு ஆபத்து என்பதைத் தோட்டத்து மக்களுக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த மூன்றையும் மூன்று கைகளில் பிரித்து வைப்பதற்குத்தான் அதிகாரப் பிரிவினை என்று பெயர்.

சட்டமியற்றும் துறை, மலாயில் *பாடான் பெருண்டாங்கான்*. ஆட்சித்துறை, *பாடான் எக்செகுத்திஃப்*. நீதித்துறை, *பாடான் கெஹாக்கிமான்*. இதில் நடுவில் நிற்கும் ஆட்சித்துறைதான் நம் தலைப்பு.

ஒவ்வொரு சொல் வரும்போதும் மூன்று கேள்வி கேளுங்கள்:

அ. கையெழுத்து யாருடையது?
ஆ. முடிவு யாருடையது?
இ. அதைத் தடுக்கக்கூடியவர் யார்?

அமெரிக்காவில் முதல் இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே விடை. மலேசியாவில் பெரும்பாலும் இரண்டு விடை. இந்த ஒரு வேற்றுமை பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

2. நாட்டுத் தலைவரும் அரசாங்கத் தலைவரும்

அமெரிக்க அரசியலமைப்பு 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30இல் முதல் அதிபராகப் பதவியேற்றார். இங்கிலாந்து மன்னரை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்ற நாடு அது. மன்னர் வேண்டாம் என்றார்கள். அதனால் நாட்டின் அடையாளமாக நிற்கும் நாட்டுத் தலைவர் பதவியையும், அன்றாட ஆட்சியை நடத்தும் அரசாங்கத் தலைவர் பதவியையும் ஒரே ஆளிடம் கொடுத்தார்கள். அவர்தான் அதிபர்.

நம் நாட்டில் இரண்டும் இரண்டு பேர். நாட்டுத் தலைவர் மாமன்னர், அதாவது யாங் டி-பெர்துவான் அகோங். அரசாங்கத் தலைவர் பிரதமர். ஒன்பது மலாய் ஆட்சியாளர்களில் ஒருவரை ஆட்சியாளர் மன்றம் ஐந்து ஆண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறது. நம் சிலாங்கூரிலிருந்து இருவர் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள். இரண்டாம் மாமன்னர் சுல்தான் ஹிசாமுடின் ஆலம் ஷா, 1960 ஏப்ரல் முதல் அந்த ஆண்டு செப்டம்பர் 1இல் மறையும் வரை. பதினோராவது மாமன்னர் அவருடைய மகன் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா, 1999 முதல் 2001 வரை.

தேர்வுமுறையும் வேறு. அமெரிக்காவில் மாநிலவாரியாக மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 கிடைத்தால் அதிபர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, 1951இல் நடப்புக்கு வந்த 22ஆம் திருத்தம் இரண்டு முறைக்குமேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்று வரம்பு வைத்தது. நம் பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் தேர்ந்தெடுப்பது மக்களவை உறுப்பினரை. அவர்களில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறதோ அவரே பிரதமர். விதி 43 சொல்வது இதுதான்.

*ஒரு சிறு குறிப்பு:* அமெரிக்கத் துணை அதிபரும் மக்கள் தேர்தலில் வருபவர். செனட்டுக்குத் தலைமை தாங்கி, வாக்குகள் சமமாகும்போது வாக்களிப்பார். 2021 முதல் 2025 வரை அப்பதவியில் இருந்த கமலா ஹாரிஸின் தாயார் சென்னையைச் சேர்ந்த சியாமளா கோபாலன். பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். நம் துணைப் பிரதமர் பதவியோ கூட்டரசு அரசியலமைப்பில் எங்கும் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. பிரதமர் அமைச்சரவை அமைக்கும்போது வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மாணவர்கள் இதைத் தவறாமல் மறக்கிறார்கள்!

3. ஆலோசனை – *நாசிஹாட்*

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

விதி 39 என்ன சொல்கிறது? கூட்டரசின் ஆட்சி அதிகாரம் மாமன்னரிடம் உள்ளது. அதை அவரோ, அமைச்சரவையோ, அமைச்சரவை அதிகாரம் அளித்த அமைச்சரோ செயல்படுத்தலாம். இங்கேயே நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் அந்த மாணவர் எழுதிய விடைதான் வரும். அடுத்த விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விதி 40: மாமன்னர் தம் பணிகளை அமைச்சரவையின் ஆலோசனைப்படி, அல்லது அதன் பொது அதிகாரம் பெற்ற அமைச்சரின் ஆலோசனைப்படி ஆற்ற வேண்டும். 1994இல் சேர்க்கப்பட்ட 40(1ஏ) இன்னும் தெளிவு: ஆலோசனையின்படி நடக்க வேண்டிய இடங்களில் மாமன்னர் அதை ஏற்று அதன்படியே செயல்பட வேண்டும்.

ஆக இந்தச் சூழலில் ‘ஆலோசனை’ என்றால் ‘கேட்டு முடிவு செய்யலாம்’ இல்லை. ‘கேட்டபடி நடக்க வேண்டும்’. கையெழுத்து மாமன்னருடையது, முடிவு அமைச்சரவையுடையது. இதுதான் அரசியலமைப்பு முடியாட்சி, மலாயில் *ராஜா பெர்பெர்லெம்பாகான்*.

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1874 ஜனவரி 20, பங்கோர் உடன்படிக்கை. பேராக்கில் ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்ட் இருப்பார். மலாய் சமயம், வழக்காறு தவிர மற்ற எல்லா விஷயத்திலும் சுல்தான் அவருடைய ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். பேராக்கின் முதல் ரெசிடென்ட் பெர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதிகாரம் போன மலாய்த் தலைவர்களுக்கு ‘ஆலோசனை’ என்ற சொல்லின் உண்மைப் பொருள் அதற்குள் புரிந்துவிட்டிருந்தது. அதே ரெசிடென்ட் முறை சிலாங்கூருக்கும் வந்தது. சுல்தான் அப்துல் சமாட் காலத்தில், 1875இல் ஜே. ஜி. டேவிட்சன் இங்கு ரெசிடென்ட் ஆனார்.

பாருங்கள், சொல் ஒன்றுதான், ‘கேட்டபடி நடக்க வேண்டும்’ என்ற பொருளும் ஒன்றுதான். ஆனால் ஆலோசனை சொல்பவர் மாறிவிட்டார். 1874இல் சொன்னவர் லண்டன் அனுப்பிய அதிகாரி. மக்கள் அவரைக் கேள்வி கேட்க முடியாது. 1957க்குப் பிறகு சொல்வது மக்கள் வாக்களித்த மன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை. ‘ரெசிடென்ட் முறைக்கும் அரசியலமைப்பு முடியாட்சிக்கும் உள்ள வேற்றுமை என்ன’ என்று கேள்வி வந்தால் இந்த ஒரு கருத்தை எழுதுங்கள். திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

அமெரிக்காவிலும் இதே சொல் உண்டு, பொருள் மறுபடியும் வேறு. அதிபர் அமைச்சர்களையும் உச்சநீதிமன்ற நீதிபதிகளையும் நியமிக்கும்போது செனட்டின் ‘ஆலோசனையும் இசைவும்’ வேண்டும். செனட் மறுத்தால் நியமனம் இல்லை. ஆனால் அவருடைய சொந்த அமைச்சரவை சொல்லும் ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்தாது. எல்லா அமைச்சரும் வேண்டாம் என்றாலும் அதிபர் ஒருவரே முடிவு செய்யலாம். நம் மாணவர் எழுதிய ‘ஆலோசனை மட்டும் சொல்வார்’ என்பது அமெரிக்க அமைச்சருக்குப் பொருந்தும், நம் பிரதமருக்குப் பொருந்தாது.

4. தன்விருப்ப அதிகாரம் – *குவாசா புடி பிச்சாரா*

அப்படியென்றால் மாமன்னர் வெறும் கையெழுத்துப் போடுபவரா? அதுவும் தவறு. விதி 40(2) மூன்று இடத்தில் அவருடைய சொந்த முடிவுக்கு இடம் தருகிறது: பிரதமரை நியமிப்பது, நாடாளுமன்றத்தைக் கலைக்கும் கோரிக்கைக்கு இசைவு மறுப்பது, ஆட்சியாளர்களின் சிறப்புரிமை, நிலை, மாண்பு பற்றி மட்டும் பேச ஆட்சியாளர் மன்றத்தைக் கூட்டக் கோருவது.

பல ஆண்டுகள் இது புத்தகத்தில் மட்டும் இருந்த பாடம். தெளிவான பெரும்பான்மை இருக்கும்போது நியமனம் ஒரு சடங்கு போலத் தெரியும். 2020 பிப்ரவரி 24இல் துன் மகாதீர் பதவி விலகியபோதுதான் நாடே விதி 43ஐத் தேடிப் படித்தது. மாமன்னர் சுல்தான் அப்துல்லா மக்களவை உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து ஒவ்வொருவரின் ஆதரவு யாருக்கு என்று கேட்டறிந்தார். மார்ச் 1இல் டான்ஸ்ரீ முகிடின் பதவியேற்றார். 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 222 இடத்தில் யாருக்கும் 112 கிடைக்கவில்லை. ஐந்து நாள் கழித்து நவம்பர் 24இல் டத்தோஸ்ரீ அன்வார் பிரதமரானார்.

நம் மாநிலத்திலும் இதே பாடம் நடந்திருக்கிறது. 2008இல் இஜோக் சட்டமன்றத் தொகுதியில் வென்ற டான்ஸ்ரீ காலிட் இப்ராகிம் மந்திரி பெசார் ஆனார். நம் தோட்டத்து வாக்காளர்கள் அனுப்பிய உறுப்பினரே மாநிலத்தின் ஆட்சித் தலைவர் ஆனார்! 2014இல் கட்சி அவரை நீக்கியது. 56 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் 30 பேர் டத்தோஸ்ரீ வான் அசிசாவுக்கு ஆதரவு என்று எழுதித் தந்தார்கள். மாட்சிமை தங்கிய சுல்தான் இன்னும் பெயர்களைக் கேட்டார். செப்டம்பர் 23இல் பதவியேற்றவர் அஸ்மின் அலி. மாநில அளவில் ஆட்சியாளரின் தன்விருப்ப அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்ற விவாதத்துக்கு எஸ்டிபிஎம் மாணவர்கள் இந்த நிகழ்வை எடுத்துக்காட்டலாம். ஒரு பக்கம் சாய்ந்து எழுதாமல், நம்பிக்கை யாருக்கு என்பதை முடிவு செய்பவர் ஆட்சியாளர் என்ற கருத்தையும், எண்ணிக்கையே போதும் என்ற கருத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

5. ஒப்புதலும் மறுப்பாணையும்

மறுப்பாணை என்பதை நாம் செய்தியில் ‘வீட்டோ’ என்றே சொல்கிறோம். அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் ஞாயிறு நீங்கலாகப் பத்து நாளுக்குள் காரணத்தோடு திருப்பி அனுப்பலாம். இரண்டு அவையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மீண்டும் நிறைவேற்றினால் அவர் கையெழுத்து இல்லாமலே சட்டமாகும்.

நம் நாட்டில் மசோதாவுக்கு மாமன்னரின் ஒப்புதல் வேண்டும். இதைச் சுற்றி 1983இல் பெரிய நெருக்கடி எழுந்தது. ஒப்புதலுக்குக் காலவரம்பு வைக்கவும், அவசரகாலம் பிரகடனம் செய்யும் அதிகாரத்தைப் பிரதமரிடம் மாற்றவும் ஒரு திருத்தம் வந்தது. ஆட்சியாளர்கள் ஏற்கவில்லை. 1984இல் சமரசம் ஏற்பட்டது: அவசரகால அதிகாரம் மாமன்னரிடமே நின்றது, மசோதாவை ஒரு முறை காரணத்தோடு திருப்பி அனுப்பலாம் என்றானது. 1994 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. இன்று 30 நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால், வந்ததாகவே கருதி மசோதா சட்டமாகும். ஆகவே ‘மாமன்னருக்கு வீட்டோ உண்டு’ என்று எழுதக் கூடாது.

6. ஒரே கையெழுத்தில் ஆணை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஆட்சித்துறை மற்ற இரண்டு துறையையும் ஓரம்கட்டும் ஆபத்து இங்கேதான் அதிகம்.

அமெரிக்க அதிபரின் நிர்வாக ஆணை காங்கிரஸ் இயற்றும் சட்டம் அல்ல. ஏற்கெனவே இருக்கும் அதிகாரத்தைக் கொண்டு அரசுத் துறைகளுக்கு அவர் இடும் கட்டளை. அது நல்லதும் செய்திருக்கிறது, கெட்டதும் செய்திருக்கிறது. 1948இல் ட்ரூமனின் 9981ஆம் ஆணை படையில் இன ஒதுக்கலை நீக்கியது. அதற்கு ஆறு ஆண்டுக்கு முன், 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட்டின் 9066ஆம் ஆணையால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசல் விட்டு முகாமில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தரும் சட்டம் 1988இல்தான் வந்தது. தடுத்த கதையும் உண்டு. 1952இல் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தியபோது அது செல்லாது என்று உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இப்போது நம் மண். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் எல்லாம் கோரிக்கையில் இருந்தன. துரைக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. அந்த ஒரு கோரிக்கையைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனசு என்னவோ செய்யும். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாடு கடத்துவதற்கு நீதிமன்ற வழக்கு தேவைப்படவில்லை. ஆட்சியின் ஓர் ஆணை போதுமாக இருந்தது. மூன்று கேள்வியில் மூன்றாவதைக் கேட்டுப் பாருங்கள்: தடுக்கக்கூடியவர் யார்? அன்று யாரும் இல்லை.

1948 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்ட்டுக் கிளர்ச்சிக்காக அவசரகாலத்தை அறிவித்தது. அது 1960 ஜூலை 31 வரை 12 ஆண்டு நீடித்தது. ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை என்பது அவசரகால விதிகளில் ஒன்று. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி அதன்படி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார்.

விடுதலைக்குப் பிறகு அவசரகாலத்துக்கான விதி 150. பாதுகாப்பு, பொருளாதார வாழ்வு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்குக் கடும் அச்சுறுத்தல் இருப்பதாகக் கருதினால் மாமன்னர் அவசரகாலம், அதாவது *டாருராட்*, பிரகடனம் செய்யலாம். நாடாளுமன்றத்தின் இரண்டு அவையும் ஒரே நேரத்தில் கூடியிருக்காதபோது அவசரச் சட்டம், அதாவது *ஓர்டினான்*, பிறப்பிக்கலாம். 1969 மே 13க்குப் பிறகு நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம், மாகேரான், ஆட்சி நடத்தியது. துன் வீ. தி. சம்பந்தனும் அதில் உறுப்பினர். 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. ஆனால் அந்தப் பிரகடனம் 2011இல்தான் ரத்தானது!

இந்த இடைவெளியில் ஒரு முக்கிய வழக்கு நடந்தது. நாடாளுமன்றம் கூடிய பிறகும் மாமன்னரின் பெயரில் அவசர விதிகள் பிறப்பிக்கலாமா? தே செங் போ வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் ‘கூடாது’ என்றது. 1975ஆம் ஆண்டு விதிகள் செல்லாமல் போயின. உடனே 1979இல் நாடாளுமன்றம் அவற்றைச் செல்லத்தக்கதாக்கும் சட்டத்தை இயற்றியது. நீதிமன்றம் தடுத்தது, சட்டமன்றம் வழி திறந்தது; மூன்று துறையும் ஒன்றையொன்று தொடும் இடம் இது.

2020 அக்டோபரில் அப்போதைய பிரதமர் அவசரகாலம் கோரினார். ஆட்சியாளர்களோடு கலந்து பேசிய மாமன்னர், தேவையில்லை என்று 25ஆம் தேதி அறிவித்தார். 2021 ஜனவரி 12இல் கோவிட் காரணமாக அவசரகாலம் பிரகடனமானது, ஆகஸ்ட் 1 வரை. ஜூலை இறுதியில் அவசரச் சட்டங்கள் ரத்து செய்யப்பட்டுவிட்டதாக அமைச்சர் மக்களவையில் சொன்னார்; அதற்குத் தாம் இசைவு தரவில்லை என்று அரண்மனை 29ஆம் தேதி அறிக்கை விட்டது. ஆகஸ்ட் 16இல் பிரதமர் பதவி விலகினார். ‘அவசரகாலப் பிரகடனத்தில் மாமன்னர் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவரா?’ என்று கேள்வி வந்தால், விதி 40ஐயும் இந்த 2020 நிகழ்வையும் சேர்த்து எழுதுங்கள்.

7. சுருக்கமாகச் சில சொற்கள்

கூட்டுப் பொறுப்பு: நம் அமைச்சரவை முழுவதும் ஒன்றாக நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவில் நேர்மாறு: அமைச்சர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது.

படைகளின் தலைமை: அமெரிக்காவில் அதிபரே கட்டளையிடுவார். இங்கு மாமன்னர் உச்சத் தலைவர், விதி 41, ஆனால் ஆலோசனைப்படி.

பொதுமன்னிப்பு: அமெரிக்க அதிபர் கூட்டாட்சிக் குற்றங்களுக்குத் தாமே மன்னிப்பு வழங்கலாம். 1974இல் ஃபோர்டு நிக்சனுக்கு வழங்கினார். இங்கு விதி 42. மன்னிப்பு வாரியம் கூடும். கூட்டரசுப் பிரதேசக் குற்றங்களுக்கு மாமன்னர், மாநிலக் குற்றங்களுக்கு அந்தந்த ஆட்சியாளர்.

பதவி நீக்கம்: அமெரிக்காவில் கீழவை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998இல் கிளின்டன், 2019இலும் 2021இலும் டிரம்ப் குற்றம் சாட்டப்பட்டார்கள். யாரையும் செனட் நீக்கவில்லை. நிக்சன் அதற்கு முன்பே விலகிக்கொண்டார். நம் பிரதமருக்கு இந்த முறை இல்லை. பெரும்பான்மை நம்பிக்கையை இழந்தால், நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கோரலாம். அது கிடைக்காவிட்டால் அமைச்சரவையோடு விலக வேண்டும்.

8. இது தேர்வுக்கு மட்டுமா?

இல்லை. நம் வீட்டு வாசல் வரை வருகிறது.

எனக்குத் தெரிந்த தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் நிலப் பிரச்சினைக்காக ஆண்டுக் கணக்கில் கல்வித்துறைக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பதில் வராததற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. கல்வி கூட்டரசின் அதிகாரம். நிலம் மாநிலத்தின் அதிகாரம். கட்டட மானியத்துக்குக் கல்வி அமைச்சு, நிலத்துக்கு மாவட்ட நில அலுவலகமும் மாநில ஆட்சிக்குழுவும். ஒன்பதாம் அட்டவணையைப் படித்த ஒரு முன்னாள் மாணவி சொன்ன பிறகுதான் கடிதம் சரியான மேசைக்குப் போனது.

இன்னொன்று. என் மாலை வகுப்பில் நீல ஐசி இல்லாத பெண் ஒருத்தி இருந்தாள். பிறந்தது இங்கே, வளர்ந்தது இங்கே. பாட்டி சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கே திரும்பத் திரும்ப நடந்தார். அங்கிருப்பவர்கள் உதவிக் கடிதம் தரலாம், முடிவு செய்ய முடியாது. குடியுரிமை கூட்டரசின் அதிகாரம். விதி 15ஏ, சிறப்புச் சூழ்நிலையில் வயது வரம்புக்குட்பட்ட பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்யக் கூட்டரசு அரசாங்கத்துக்கு இடம் தருகிறது. ‘செய்ய வேண்டும்’ என்றில்லை, ‘செய்யலாம்’ என்றிருக்கிறது. அந்த ஒரு வினைச்சொல்லில் ஒரு பிள்ளையின் படிப்பும் வேலையும் தொங்குகிறது. தன்விருப்ப அதிகாரம் என்றால் என்ன என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வயது வரம்பு தாண்டுவதற்குள் மனு உள்துறை அமைச்சின் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும் என்பதைத்தான் பாட்டியிடம் சொன்னேன். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஐந்தாம் படிவம் வரை காத்திருக்காதீர்கள்.

9. பயிற்சி

அ. விதி 39ஐயும் விதி 40ஐயும் சேர்த்துப் படித்து, மாமன்னரின் ஆட்சி அதிகாரத்தை ஐந்து வாக்கியத்தில் விளக்குக.
ஆ. ரெசிடென்ட்டின் ஆலோசனைக்கும் அமைச்சரவையின் ஆலோசனைக்கும் உள்ள இரண்டு வேற்றுமைகளைத் தருக.
இ. 1941, 1969, 2021 ஆகிய மூன்று அவசர நிலைகளுக்கும் ‘தடுக்கக்கூடியவர் யார்’ என்ற கேள்வியைப் பொருத்தி எழுதுக.
ஈ. உங்கள் பள்ளியின் ஒரு தேவையை எடுத்துக்கொண்டு, அது கூட்டரசின் அதிகாரமா மாநிலத்தின் அதிகாரமா என்று காரணத்துடன் கூறுக.

ஆசிரியர்கள் நான்காவதை வகுப்பில் குழுவாகச் செய்ய வைக்கலாம். பிள்ளைகள் கழிவறைக் குழாயிலிருந்து பேருந்து வரை கொண்டு வருவார்கள். அதுவே நல்ல பாடம்.

அந்தப் பையன் இரண்டு வாரம் கழித்து விடையைத் திருத்திக் கொண்டு வந்தான்: “நாட்டின் ஆட்சி அதிகாரம் மாமன்னரிடம் உள்ளது. ஆனால் அவர் அமெரிக்க அதிபரைப் போலத் தனியாக முடிவெடுப்பதில்லை. அமைச்சரவையின் ஆலோசனையை ஏற்று அதன்படி செயல்படுகிறார். பிரதமர் நியமனம் போன்ற சில இடங்களில் மட்டும் தம் விருப்பப்படி முடிவெடுக்கலாம்.”

முழு மதிப்பெண் போட்டேன். கீழே ஒரு வரியும் எழுதினேன்: ‘எந்த விதி என்ற எண்ணையும் சேர்த்து எழுது.’